“பத்து வருஷம் மிலிட்டரி கையில் கொடுத்துப் பார்க்கணும்” என்ற என் மாணவர்களுக்கு



போன தை மாதம் உங்களில் ஒருத்தியின் கல்யாணத்துக்கு வந்திருந்தேன். இரண்டாம் பந்தியில் என்னை நடுவில் உட்காரவைத்து எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தீர்கள். சாம்பாரில் தொடங்கிய பேச்சு மோருக்கு வந்தும் ஓயவில்லை. அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் பதினோரு முறை நடந்ததை ஒருவன் சொன்னான். ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் சம்பளம் போயிற்று. கடைசியில் கொடுக்கவேண்டியதைக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. சொல்லி முடித்துவிட்டு, “ஒரு பத்து வருஷம் மிலிட்டரி கையில கொடுத்துப் பாக்கணும் டீச்சர், அப்பத்தான் திருந்துவானுங்க” என்றான். ஒருவர்கூட மறுக்கவில்லை. “சிங்கப்பூர்ல லீ குவான் யூ செஞ்சு காட்டலையா?” என்றான் பக்கத்தில் இருந்தவன். அமெரிக்காவில் ஆறு வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவள், “அவ்வளவு தூரம் போக வேண்டாம். அமெரிக்கா மாதிரி ஒரே ஆளை நேராத் தேர்ந்தெடுத்து, நாலு வருஷம் கையைக் கட்டாம விட்டாலே போதும்” என்றாள்.

அடுத்த பந்திக்கு ஆள் காத்திருந்ததால் எழுந்துவிட்டோம். நானும் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். முப்பத்து மூன்று வருஷம் உங்களுக்கும் உங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கும் வரலாறு நடத்தியவள், கேட்கவேண்டிய நேரத்தில் வாய்மூடி வந்துவிட்டேனே என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை. அதனால்தான் உங்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்து இந்த மடல்.

பதினோரு நடை நடந்தவனுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். உன் கோபம் முழுக்க நியாயமானது. அதைத் தணிக்க நான் எழுதவில்லை. அந்தக் கோபத்தோடு நீ போய் நிற்க நினைக்கும் வாசல் எது என்று பார்க்கத்தான் எழுதுகிறேன். அந்த வாசலில் எங்கள் குடும்பம் ஒருமுறை நின்றிருக்கிறது.

நான் பர்மா காலனியில் வளர்ந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தபோது எனக்கு இரண்டு வயது. எனக்கு எதுவும் நினைவில்லை. எல்லாம் அப்பத்தா சொல்லிக் கேட்டது. ஐயா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். 1948-இல் விடுதலை பெற்ற பர்மாவில் நம்மைப் போலவே நாடாளுமன்ற ஆட்சிதான். ஊ நூ பிரதமர். ஆளும் கட்சி இரண்டாக உடைந்தது, மலைப் பகுதிகளில் கலகம் ஓயவில்லை, ஒரு காரியமும் நடக்கவில்லை என்று சனங்கள் சலித்துப்போயிருந்தார்கள். 1958 அக்டோபரில் ஊ நூவே ராணுவத் தளபதி நே வினிடம் இடைக்கால ஆட்சியை ஒப்படைத்தார்.

அந்த முதல் ஆட்சி ஒழுங்காகவே நடந்தது. இதை மறைத்தால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவள் ஆவேன். ரங்கூன் தெருக்கள் சுத்தமாயின. ஆபீஸில் ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள். 1960-இல் தேர்தல் நடத்தி, வென்ற ஊ நூவிடம் ஆட்சியைத் திருப்பியும் கொடுத்தார்கள். “நே வின் இருந்தப்பதான் தெரு தெருவா இருந்துச்சு” என்று ஐயா கடையில் உட்கார்ந்து சொல்வாராம். பந்தியில் நீங்கள் பேசியதும் அதே பேச்சுதான்.

1962 மார்ச் 2-ஆம் தேதி நே வின் மறுபடியும் வந்தார். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை, திரும்பிப் போகும் தேதியும் சொல்லவில்லை. நாடாளுமன்றம் கலைந்தது. ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடுத்த வருஷம் வங்கிகள் அரசுடைமையாயின, 1964-இல் கடைகளும். அதே 1964-இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பல் ஏறினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் இன்று அத்தோ சாப்பிடுகிறீர்களே, அந்தக் கடைவரிசையே அப்படி வந்திறங்கியவர்கள் பிழைப்புக்காகப் போட்டதுதான்.

ஐயா கடைக்கு ஒரு நாள் காலையில் நாலு பேர் வந்தார்கள். அரிசி மூட்டைகளை எண்ணினார்கள், எண்ணெய் டின்களை எண்ணினார்கள், தராசையும் படிகளையும் எழுதிக்கொண்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். ஒரு முழ நீளத் தாள். மேலே முத்திரை, கீழே இரண்டு கையெழுத்து, நடுவில் வட்ட வட்டமான பர்மிய எழுத்து. எண்ணிக்கையில் ஒரு டின்கூடத் தவறவில்லையாம். அவ்வளவு ஒழுங்கு! யாரும் லஞ்சம் கேட்கவில்லை, பதினோரு முறை நடக்கவிடவில்லை. ஒரே காலையில் எல்லாம் முடிந்தது. அந்த ரசீதை எந்த ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டுவது என்றுதான் ஐயாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் வக்கீல்கள் கையை விரித்தார்கள். பேப்பருக்கு எழுதலாம் என்றால் தனியார் பேப்பர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. எம்.பி.யைப் பார்க்கலாம் என்றால் எம்.பி. என்று ஒருவரே இல்லை. கப்பலில் வரும்போது அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு வந்தார். இப்போது அது என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து.

நீங்கள் கேட்ட பத்து வருஷம் அங்கே இருபத்தாறு வருஷமாயிற்று. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாத் நோட்டுகளை ஒரே அறிவிப்பில் செல்லாது என்றார்கள், ஈடும் தரவில்லை. அவற்றின் இடத்தில் 45, 90 கியாத் நோட்டுகள் வந்தன. ஒன்பதால் வகுபடும் எண்கள்; ஒன்பது நே வினுக்கு ராசி என்பதே காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு, அந்த ஆண்டு டிசம்பரில் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் போய்ச் சேர்ந்தது. 1988-இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், நே வின் விலகினார், வேறு தளபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். இடையில் சில வருஷம் கதவு கொஞ்சம் திறந்தது. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி அதையும் மறுபடி சாத்திவிட்டார்கள்.

ஓர் ஆட்சிமுறையைப் பார்க்கும்போது நான் இரண்டைத்தான் கேட்கிறேன். மேலே இருப்பவர் செய்த தவறு எந்த வழியாக அவர் காதுக்குப் போய்ச் சேரும்? கேட்டும் அவர் திருந்தவில்லை என்றால், ரத்தம் சிந்தாமல் அவரை இறக்க யாருக்கு உரிமை? மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகு. சீனாவில் 1958-இல் தொடங்கிய பெரும் பாய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மட்டத்து அதிகாரியும் விளைச்சலைக் கூட்டிக் கூட்டி மேலே எழுதினார். அந்தக் கணக்கை நம்பி தானியத்தைக் கொள்முதல் செய்துகொண்டு போனார்கள். கிராமங்களில் மனிதர்கள் கோடிக்கணக்கில் பட்டினியால் செத்தார்கள். களஞ்சியம் காலி என்று எழுத ஒரு பத்திரிகை கிடையாது, எழுந்து கேட்க ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் கிடையாது. வாக்குரிமையும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் வருவதில்லை என்று அமர்த்தியா சென் சொன்னதைப் பன்னிரண்டாம் வகுப்பில் நடத்தினேனே, நினைவிருக்கிறதா?

இனி சிங்கப்பூர். நம் ஊரிலிருந்து வீட்டுக்கு ஒருவர் போய்ச் சம்பாதித்த நாடு அது, தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் நாடு. எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் லீ குவான் யூ என்ற ஒரு மனிதரைப் பார்க்கிறீர்கள். அவர் நின்ற தளத்தைப் பார்ப்பதில்லை. அங்கே ராணுவம் ஆண்டதில்லை. இருப்பது நாடாளுமன்ற முறை. 1959-இலிருந்து ஒரே கட்சி ஆள்கிறது என்றாலும், ஒவ்வொரு முறையும் தேர்தலில் நின்றுதான் ஆள்கிறது. ஊழல் வழக்குகளை விசாரிக்கும் தனி அமைப்பை 1952-இலேயே ஆங்கிலேயர் தொடங்கிவிட்டார்கள். லீ வந்து அதன் கையைப் பலப்படுத்தினார். பிரதமரே ஒரு விசாரணைக்கு அனுமதி மறுத்தால், அதிபரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மேலே போக அதற்குச் சட்டம் இடம் தருகிறது. 2024-இல் எஸ். ஈஸ்வரன் என்ற முன்னாள் அமைச்சர் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றபோது லீ குவான் யூ உயிரோடு இல்லை. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆள் போன பிறகும் வேலை செய்தது அந்த ஏற்பாடு. நாம் இரவல் வாங்கவேண்டியது அதைத்தான்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சியா தை போ என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் 1966-இல் கைதாகி, வழக்கே இல்லாமல் 23 வருஷம் சிறையில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜெயரத்தினம் 1981-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, பல வருஷங்களுக்குப் பிறகு நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரராக ஒற்றை ஆளாக உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை வழக்குகளிலேயே கரைந்தது. நம் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கு அப்படி நேர்ந்தால் சாலை பளபளப்பாக இருக்கிறது என்று ஆறுதல் அடைவோமா? எந்தத் தேர்வு எழுதவைத்து ‘நல்ல’ தளபதியைப் பொறுக்கப்போகிறோம் என்பதையும் யோசியுங்கள். பர்மாக்காரர்கள் 1958-இல் பார்த்ததும் நல்ல தளபதியைத்தான்.

அமெரிக்கா போலச் செய்யலாம் என்றவளே, உன் யோசனையை நம் அரசமைப்பை எழுதியவர்கள் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். 1948 நவம்பர் 4-ஆம் தேதி வரைவை அவையில் வைத்துப் பேசிய அம்பேத்கர் இதற்கு நேராகவே பதில் சொன்னார். ஜனநாயக ஆட்சிக்கு நிலைத்தன்மையும் வேண்டும், பொறுப்புச் சொல்லும் கடமையும் வேண்டும். இரண்டையும் சமமாகத் தரும் முறையை உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க முறையும் சுவிட்சர்லாந்து முறையும் நிலைத்தன்மையைக் கூடுதலாகத் தருகின்றன, பிரிட்டிஷ் முறை பொறுப்பைக் கூடுதலாகத் தருகிறது. தேர்தல் வரும்போது மக்கள் கேட்பது ஒரு கணக்கு. அவை கூடும் ஒவ்வொரு நாளும் கேள்வி நேரத்தில், ஒத்திவைப்புத் தீர்மானத்தில், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கேட்பது இன்னொரு கணக்கு. இந்த அன்றாடக் கணக்கு இந்தியாவுக்குக் கட்டாயம் வேண்டும் என்பது அவர் வாதம். ஆட்சி ஆடினாலும் பரவாயில்லை, பதில் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆடத்தான் செய்தது. 1999 ஏப்ரல் 17-ஆம் தேதி, அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால், வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. ஆசிரியர் அறையில் ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டோம். நாடு என்ன ஆகுமோ என்று பயந்தோம். கார்கில் போரே அந்தக் காபந்து சர்க்கார் காலத்தில் நடந்தது. நாடு குலைந்துவிடவில்லை, அந்த ஆண்டே தேர்தல் வந்தது, வாஜ்பாயே மறுபடி பிரதமரானார். அமெரிக்காவிலோ 1868-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்க 36 ஓட்டு வேண்டியிருந்தது, 35 தான் விழுந்தது. அன்றிலிருந்து இன்றுவரை செனட் ஓர் அதிபரைக்கூட இறக்கியதில்லை. ஓர் அதிபர் நல்லவராக வாய்க்காவிட்டால் பெரும்பாலும் நாலு வருஷமும் அவர்தான்.

அப்புறம், அங்கே கையைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று நீ நினைப்பதும் சரியில்லை. பணப்பையின் கயிறு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் கையில் இருக்கிறது. அதிபர் நிக்சன் தன் பேச்சுகள் பதிவான ஒலிநாடாக்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன பிறகுதான் அவர் ஆகஸ்டில் வீட்டுக்குப் போனார். நிஜமாகவே கையைக் கட்டாமல் விட்ட நாட்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டாம். ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும்.

இலங்கையில் ஜெயவர்தனே 1977-இல் ஆறில் ஐந்து பங்கு இடங்களோடு வென்றார். வேகமான பொருளாதார வளர்ச்சிக்கு உறுதியான ஒற்றைத் தலைமை வேண்டும் என்று 1978-இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார். தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பரில் தேர்தலுக்குப் பதிலாகப் பொதுவாக்கெடுப்பு நடத்தினார். விளக்குச் சின்னத்துக்குப் போட்டால் இருக்கிற நாடாளுமன்றமே இன்னும் ஆறு வருஷம் தொடரும், குடத்துக்குப் போட்டால் கலையும். விளக்கு வென்றது. அடுத்த பொதுத்தேர்தல் 1989-இல்தான். நடுவில் தமிழர்களை வேட்டையாடிய 1983 ஜூலை வந்தது. அது நமக்கு என்ன என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் கொண்டுவந்தார்கள். அதன்படி தனிநாடு கேட்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் இடம் இழந்தார்கள். தமிழர்களுக்கு என்ன நடக்கிறது என்று அவைக்குள் நின்று சொல்ல இருந்த குரல்கள், சொல்லியே ஆகவேண்டிய நேரத்தில் அங்கே இல்லாமல் போயின.

அதே நாற்காலியில் 2021-இல் கோத்தபய ராஜபக்ச உட்கார்ந்திருந்தார். ரசாயன உரத்துக்கு ஒரே உத்தரவில் தடை போட்டார். விவசாயிகள் வரப்பில் நின்று கத்தினார்கள், வேளாண் அறிஞர்கள் எழுதினார்கள். நவம்பரில் தடை நீங்குவதற்குள் ஒரு போகம் பாழாகிவிட்டது. 2022 ஜூலை 9-ஆம் தேதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். அவர் நாட்டை விட்டு ஓடி, சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பினார். கேள்வி நேரத்தில் கேட்டிருக்கவேண்டியதைக் கடைசியில் மாளிகை வாசலில் போய்க் கேட்கவேண்டி வந்தது.

ஆனால் இலங்கையை வைத்து நாடாளுமன்ற முறைதான் உத்தமம் என்று நான் முடித்துவிட்டால் அங்குள்ள மலையகத் தமிழர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். 1948-இல் அவர்கள் குடியுரிமையைப் பறித்ததும், 1956-இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் செய்ததும் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம்தான். சிறுபான்மையினரைக் காக்கச் சோல்பரி அரசமைப்பில் இருந்த 29-ஆம் பிரிவு, 1972-இல் புதிய அரசமைப்பு வந்தபோது காணாமல் போனது. தலை எண்ணுவது மட்டும் போதாது. எத்தனை தலை சேர்ந்தாலும் தொடக்கூடாதவை என்று சில இருக்கவேண்டும், அவற்றைக் காக்க அஞ்சாத நீதிமன்றமும் இருக்கவேண்டும்.

நம்மிடமும் இந்தக் காப்பு ஒருமுறை அறுந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. காலனித் திண்ணையில் பெரியவர்கள், ரயில் நேரத்துக்கு வருகிறது என்று மெச்சிக்கொண்டார்கள். இந்த முறை ஐயா வாயைத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள், அந்தக் கட்சிக்காரர்களை மிசா சட்டத்தில் அடைத்தார்கள். உயிர்வாழும் உரிமைக்காகக்கூட நீதிமன்றம் போகமுடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொன்னது, எச்.ஆர். கன்னா என்ற ஒரே ஒரு நீதிபதி மறுத்து எழுதினார். மக்களவையின் ஆயுளை ஆறு வருஷமாக நீட்டினார்கள். வடக்கே ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்தார்கள். தணிக்கை செய்த பேப்பர்களில் எல்லாம் நல்ல சேதியாகவே வந்ததால், வென்றுவிடலாம் என்று நம்பித்தான் இந்திரா காந்தி 1977-இல் தேர்தல் வைத்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாடு அன்று அவர் அணிக்கே ஓட்டுப் போட்டது. வடக்கின் ஏழை எளியவர்கள்தான் அவரை ரேபரேலியிலேயே தோற்கடித்தார்கள்.

இன்று நம் முறைக்கு நோய் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கட்சித்தாவலைத் தடுக்க 1985-இல் போட்ட சட்டம், கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலே பதவி போகும் என்று ஆக்கிவிட்டது. அம்பேத்கர் சொன்ன அந்த அன்றாடக் கணக்கைக் கேட்கவேண்டிய உறுப்பினர், மணியடித்ததும் கை தூக்குகிறவராக மாறிவிட்டார். எனக்கு இதில் ஆறாத வருத்தம். அரசைக் கவிழ்க்கும் ஓட்டுக்கு மட்டும் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு, மற்ற மசோதாக்களில் அவரவர் மனசாட்சிக்கு விடவேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் கோபத்தை இங்கே கொண்டுவந்து காட்டுங்கள். தொகுதிக்கு வரும் எம்.எல்.ஏ.வை நிறுத்தி, இந்த வருஷம் அவை எத்தனை நாள் கூடியது, நீங்கள் எத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று கேளுங்கள்.

தேர்தல் வேலைக்குப் பலமுறை போயிருக்கிறேன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்த ஒரு நாள் மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது. விடிகாலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத கட்சி ஏஜெண்டுகள் தோள் உரச நின்று ஐம்பது ஓட்டைப் போட்டு, எண்ணி, அழித்து, சீலில் கையெழுத்துப் போட்டார்கள். சாயங்காலம் கடைசி ஆள் போன பிறகு ‘குளோஸ்’ பொத்தானை அழுத்தினேன். திரையில் 873 என்று வந்தது. எல்லாரும் குனிந்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். அன்று ஆளும் கட்சி ஏஜெண்ட் வாங்கியதும் அதே தாள், எதிர்க்கட்சி ஏஜெண்ட் வாங்கியதும் அதே தாள். சில வாரம் கழித்து அந்தத் தாள்களின் கூட்டுத்தொகை ஓர் அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்பியது. வீதியில் ஒரு சிப்பாயும் இறங்கவில்லை. அன்றிரவு டிரங்குப் பெட்டியைத் திறந்து ஐயாவின் ரசீதை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு நடை நடந்தவனே, சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, இனி எதற்கு என்று விட்டுவிடாதே. உன் மனு எந்தத் தேதியில் யார் மேஜைக்குப் போனது, எத்தனை நாள் அங்கே கிடந்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணையம் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. எந்தெந்தத் தேதியில் போனாய் என்று நினைவிருக்கிற வரைக்கும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வா. மற்றவர்களும் வாருங்கள், ரசீதைக் காட்டுகிறேன். மனுவை எல்லாரும் உட்கார்ந்து எழுதுவோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்